போர்டில் அச்சான ஆம்பியர்

பழைய கணினியைக் கழித்துப் போடும்போது அதன் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 3.3, 5, 12 என்று மூன்று வோல்ட் அளவுகள், போதாததற்கு −12 வோல்ட், எல்லாம் ஒரே பெட்டிக்குள். மேசையில் சிறு மின்னணு வேலை பார்க்கிறவர் தனியாக ஒரு பவர் சப்ளை வாங்கினால் ஆயிரக்கணக்கில் செலவாகும். இதுவோ சும்மா கிடக்கிறது. இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் முறைப்படி கம்பிகளின் நிறமும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆரஞ்சு 3.3, சிவப்பு 5, மஞ்சள் 12, நீலம் −12, கறுப்பு கிரவுண்டு. ஊதாவில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். பச்சையைக் கறுப்போடு சேர்த்தால் விசிறி சுழன்று மற்ற வோல்ட் வழிகளும் உயிர்பெறும்.

கம்பிக் கற்றையை அறுத்து ஒட்டும் சிரமம் இல்லாமல் 24 முனைச் செருகியை அப்படியே பொருத்திக்கொள்ள ஒரு சிறு பலகை விற்கிறார்கள். பெயர் பிரேக்அவுட் போர்டு. ஒரு பக்கம் சாக்கெட், மறு பக்கம் கம்பியைத் திருகி இறுக்கும் முனைகள், நடுவில் ஒரு சுவிட்ச், சில ஃபியூஸ்கள், வழிக்கு ஒரு எல்இடி. சீனாவிலிருந்து வரும் மலிவு வகை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். செய்தவர் யார் என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அநேகமாக நடக்காத காரியம். ஆனால் ஓர் எண் மட்டும் பலகையிலோ விற்பனை விவரத்திலோ பளிச்சென்று இருக்கும்: 5 ஆம்பியர், அல்லது 10 ஆம்பியர்.

அந்த எண்ணை நம்பலாமா?

மின்னணுக் கடைக்குரிய கேள்வி என்றுதான் தோன்றும். ஆனால் இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் ஓடிய ஒரு பெரிய வழக்கு இதே கேள்வியைச் சுற்றி நடந்தது. அங்கே பலகையின் இடத்தில் வேதம் இருந்தது. பிறர் சொன்னதைக் கேட்டு அறிவது அறிவாகுமா, ஆகுமென்றால் எப்போது, சரிபார்த்த பிறகா, சரிபார்க்கும் முன்பேயா?

நியாய மரபின் விடையில் தொடங்கலாம். கௌதமரின் நியாய சூத்திரம் காட்சி, அனுமானம், உவமை, சொல் என்று அறிவு பெறும் வழிகளாக நான்கு அளவைகளை ஏற்கிறது. சொல் என்றால் எவர் சொல்லும் அல்ல, ஆப்தருடைய சொல். யார் ஆப்தர்? சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இலக்கணம் வகுக்கிறார். பொருளை நேரே அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே தெரிவிக்க விழைபவர், அப்படிச் சொல்பவர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்று அவரே சேர்த்துக்கொள்கிறார். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வாக்கியம் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. சொன்னவர் எந்தக் குலம், எந்த நாடு என்பது கணக்கில் வராது. ஆகவே சீனத்துப் பொருள் என்ற ஒரே காரணத்துக்காக முகம் சுளிக்கிறவருக்கு நியாய மரபில் இடமில்லை.

ஆனால் மற்ற விதிகளில் பலகை தடுக்கி விழுகிறது. செப்புத் தடத்தை வரைந்த பொறியாளருக்கு அதன் தாங்குதிறன் தெரிந்திருக்கலாம். அவர் வரைந்ததை இன்னொருவர் நகலெடுத்து, செலவைக் குறைக்கத் தடத்தைச் சுருக்கியிருக்கலாம். விற்பனை விவரத்தை எழுதியவர் பலகையைக் கையில் தொடாதவராக இருக்கலாம். அறிந்தவர் ஒருவர், பேசுகிறவர் வேறொருவர். இடையில் இருப்பது காற்று.

மணிமேகலை இதற்கென்றே ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறது. வஞ்சி நகரில் சமயவாதிகளை மணிமேகலை ஒவ்வொருவராகக் கேட்கும் 27-ஆம் காதையில் முதலில் பேசுகிறவர் அளவைவாதி. வியாசருக்கு அளவைகள் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று கணக்குச் சொல்லிவிட்டுப் பத்தையும் விளக்குகிறார். அதில் ஆகமம் ஒன்று, ஐதிகம் வேறொன்று. ஐதிகத்துக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் நம்பிவருவது. முதலில் சொன்னவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது; ஆனாலும் எல்லோரும் சொல்கிறார்கள். பலகையில் அச்சான ஆம்பியர் இந்த இனத்தைச் சேர்ந்தது. ஆகமம் என்று சொல்ல ஆசிரியர் வேண்டும், குறைந்தபட்சம் ஒரு பரம்பரையாவது வேண்டும்.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

வழக்கமான சோதனை இப்படி நடக்கும். பலகையை எஸ்எம்பிஎஸ்ஸில் செருகி, சுவிட்சைத் தட்டி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மஞ்சள் வழிக்கும் கிரவுண்டுக்கும் வைக்கிறார்கள். 12.1 காட்டுகிறது. சிவப்பு வழியில் 5.05. பழைய பெட்டிகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறை மேலும் கீழும் 5 சதவீதம் விலக அனுமதிக்கிறது; 12 வோல்ட் வழி 11.4-க்கும் 12.6-க்கும் நடுவிலும், 5 வோல்ட் வழி 4.75-க்கும் 5.25-க்கும் நடுவிலும் இருந்தால் போதும். எல்லாம் எல்லைக்குள். பலகை தேறிவிட்டது என்று மீட்டரை அணைத்துவிடுகிறார்கள்.

தேறியது பலகை அல்ல, எஸ்எம்பிஎஸ். வோல்ட்டைத் தருவது பெட்டி. பலகை தருவதாகச் சொன்னது ஒன்றே ஒன்று: இத்தனை ஆம்பியரைச் சூடேறாமல் கடத்துவேன் என்பது. அந்த வாக்குறுதியை இந்தச் சோதனை தொடவே இல்லை. மின்னோட்டம் இல்லாதபோது தலைமயிர் அளவுக் கம்பிகூட 12 வோல்ட்டை அப்படியே காட்டும்.

இதே வழுக்கல் பழைய வழக்கிலும் உண்டு. வேதத்தின் பிரமாணத்தை நிறுவ நியாய சூத்திரம் தரும் வாதம் மந்திரத்தையும் ஆயுர்வேதத்தையும் துணைக்கு அழைக்கிறது. வைத்திய நூல் சொன்னபடி மருந்து கொடுத்தால் நோய் தீர்கிறது. அது கண்முன் தெரிகிற பலன். அதைச் சொன்ன ஆப்தர்களே கண்ணுக்குத் தெரியாத சொர்க்கத்தைப் பற்றியும் சொல்கிறார்கள். எனவே அதையும் நம்பலாம். சோதிக்க முடிந்த பகுதியைக் கொண்டு சோதிக்க முடியாத பகுதிக்குச் சான்று தேடும் வாதம் இது. அழகான வாதம், ஆனால் ஒரு கண்ணி பலமாக இருந்தால்தான் நிற்கும்: இரண்டையும் சொன்னவர் ஒருவரே, ஒரே அறிவின் வலிமையில் சொன்னார் என்பது உறுதியாக வேண்டும். மருந்து பலித்தது வைத்தியரை மெய்ப்பிக்கும். வானுலகின் வரைபடத்தை மெய்ப்பிக்காது. வோல்ட் சரியாக இருப்பது பெட்டியை மெய்ப்பிக்கும். பலகையின் ஆம்பியரை மெய்ப்பிக்காது. ஜோசியர் கடந்த காலத்தைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக வருங்காலத்துக்கும் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு இது பழகிய இடம்.

பலகையைச் சோதிக்க லோடு வைக்க வேண்டும். 12 வோல்ட் வழிக்குக் கார் ஹெட்லைட் பல்பு போதும். 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட் வழிக்கு 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை ஒரு வெப்பத்தகட்டில் இறுக்கிவிட்டால் 5 ஆம்பியர். வைத்த உடனே பார்த்துவிட்டு எடுத்துவிடக் கூடாது. அரைமணி நேரமாவது ஓட வேண்டும், ஏனென்றால் வெப்பம் மெதுவாகத்தான் பேசும். பிறகு இரண்டு இடங்களில் அளக்க வேண்டும்: சாக்கெட்டின் அடியில் ஒரு தடவை, வெளிமுனையில் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கப் பலகை விழுங்கியது.

எவ்வளவு விழுங்கும்? பலகையின் செப்பு வழக்கமாக 35 மைக்ரோமீட்டர் தடிமன். 1 மில்லிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தடத்துக்கு மின்தடை ஏறக்குறைய 25 மில்லிஓம். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. 5 ஆம்பியர் ஓடினால் 0.12 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. 3.3 வோல்ட் வழிக்கு அனுமதித்த மொத்த விலகலே 0.165 வோல்ட்தான், அதில் முக்கால் பங்கை ஒரு மெல்லிய கோடு தின்றுவிடுகிறது. தின்றது வெப்பமாக வெளியே வரும், 0.6 வாட். பலகை வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் பழைய சூத்திரப்படி, இதே தடிமனில் 10 ஆம்பியரை 10 டிகிரி சூட்டேற்றத்தோடு கடத்த 7 மில்லிமீட்டருக்கும் மேல் அகலம் வேண்டும். சந்தையில் கிடைக்கும் மலிவுப் பலகை ஒன்றைத் திருப்பி அதன் அடிப்புறத்தில் அளவுகோலை வைத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

கிரவுண்டு இன்னும் மோசம். 24 முனைகளில் எட்டு கறுப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வரையறை எழுதியவர்களுக்குக் காரணம் தெரியும். மூன்று வழிகளிலும் தலா 5 ஆம்பியர் போனால், திரும்பி வரும்போது கறுப்பில் 15 ஆம்பியர் சேர்ந்து வரும். சில பலகைகளில் அந்த எட்டும் ஒரே ஒரு குறுகிய தடத்தில் கூடி ஒரே முனைக்கு வருகின்றன. போகிற வழிகளுக்கெல்லாம் ஃபியூஸ், வருகிற வழிக்கு வாசலே ஒடுக்கம்.

இப்போது எதிர்க்கட்சி எழுந்து நிற்கும். வேதத்துக்காக வாதாடும் மீமாம்சகர், அதிலும் குமாரிலபட்டர், ஒரு கேள்வி கேட்பார்: பலகையை மீட்டரால் சோதித்தீர், மீட்டரை எதனால் சோதித்தீர்? 400 ரூபாய் மீட்டரின் திரையில் வரும் எண்ணும் பெயர் தெரியாத யாரோ சொன்ன சொல்தானே. இன்னொரு நல்ல மீட்டரால் சோதித்தோம் என்றால் அதற்கு எது சாட்சி? ஓர் அறிவு மெய் என்று கொள்ள இன்னோர் அறிவு வேண்டுமென்றால் அதற்கு மூன்றாவது வேண்டும், அதற்கு நான்காவது. வேலை நடக்காது. ஆகவே குமாரிலர் தலைகீழாகத் தொடங்குகிறார். அறிவு தன்னளவிலேயே மெய். பொய் என்பதற்குத்தான் வெளியிலிருந்து காரணம் வேண்டும். அந்தக் காரணமும் இரண்டே வகை. பின்னால் வரும் அறிவு முன்னதை மறுக்க வேண்டும், அல்லது அறிவு பிறந்த மூலத்தில் குற்றம் இருப்பது தெரிய வேண்டும். வேதத்துக்கு ஆசிரியரே இல்லை, எனவே ஆசிரியரின் குற்றமும் அதில் இல்லை என்பது அவர் தரப்பு.

முதல் பார்வைக்கு இது எதையும் நம்பிவிடச் சொல்லும் கொள்கைபோல் தெரியும். நுணுகிப் பார்த்தால் மலிவுப் பலகைக்கு இதைவிடக் கறாரான நீதிபதி கிடைக்கமாட்டார். மூலத்தில் குற்றம் தெரிந்த கணமே நம்பிக்கையின் உரிமை ரத்தாகிறது. ஒல்லித் தடம் கண்ணுக்குத் தெரிகிறது, சால்டர் பந்துபோல் உருண்டு ஒட்டாமல் நிற்பது தெரிகிறது, முனையில் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டு பித்தளைப் பூச்சுக்கு உள்ளே இரும்பு என்று காட்டிக்கொடுக்கிறது. இத்தனைக்குப் பிறகும் எண்ணை நம்புகிறவர் மீமாம்சகர் அல்ல, சோம்பேறி.

இரு தரப்பும் உண்மையில் பிரிவது சோதனையை எங்கே நிறுத்துவது என்ற இடத்தில். குமாரிலர் அதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்: மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் தேட வேண்டியதில்லை. மீட்டர் சொன்னதை இன்னொரு மீட்டர் ஒத்துக்கொண்டால், கை வைத்துப் பார்த்த சூடும் அதற்குப் பொருந்தினால், எழுந்து போய்விடலாம். மேசையில் ஆறு மீட்டர்களை வரிசையாக வைத்து எதிலும் நிம்மதி அடையாதவர்களுக்கு இது நல்ல மருந்து.

மீட்டர்களின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் வேடிக்கையான ஓர் இடத்துக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வோல்ட்டின் மூல அளவைக் காத்துவருவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 2019 மே 20 முதல் உலக அலகுமுறையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் பிளாங்க் மாறிலிக்கும் மாறாத எண்கள் விதிக்கப்பட்டுவிட்டன. வோல்ட்டும் ஆம்பியரும் அவற்றிலிருந்து பிறக்கின்றன. அந்த எண்கள் சரியா என்று இனி அளந்து பார்க்க முடியாது, அவை விதி. சங்கிலியின் உச்சியில் கையெழுத்திட்டவரைத் தேடினால் மனிதர் எவரும் இல்லை, இயற்கை மாறிலிகள்தான் இருக்கின்றன. ஆசிரியரற்ற பிரமாணம் என்று குமாரிலர் கைகொட்டிச் சிரிக்கக்கூடும். எண்ணை விதித்தது வெர்சாயில் கூடிய ஒரு மாநாடு என்று நியாய மரபினர் உடனே திருப்பிக்கொடுப்பார்.

பலகையைச் சோதிக்கலாம், சரி. கடவுளைச் சோதிக்கலாமா என்ற கேள்விக்கு விவிலியத்திலேயே ஒன்றுக்கொன்று முரணான விடைகள் இருக்கின்றன. உபாகமம் ஆறாம் அதிகாரம் சோதிக்காதே என்கிறது. மல்கியா மூன்றாம் அதிகாரத்தில் தசமபாகத்தைக் கொண்டுவந்து என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று கடவுளே அழைக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நியாயாதிபதிகள் நூலில் கிதியோன் இருக்கிறார். போருக்குப் போகும் முன் ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்து, தோல் மட்டும் பனியில் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார். அப்படியே நடக்கிறது. அதோடு விடவில்லை. மறுநாள் தரை நனைந்து தோல் காய்ந்திருக்க வேண்டும் என்கிறார். காரணம் புரிகிறது: கம்பளி ஈரத்தை இயல்பாகவே இழுத்து வைத்துக்கொள்ளும், முதல் நாள் முடிவு அதனாலும் வந்திருக்கலாம். நிபந்தனையைத் திருப்பிப் போட்டு மறுபடி பார்க்கும் இந்தப் பழக்கத்தை இன்றைய ஆய்வகங்கள் மாணவர்களுக்குப் பாடுபட்டுச் சொல்லிக்கொடுக்கின்றன. கடவுள் கோபித்துக்கொண்டதாகக் கதையில் இல்லை.

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபி, இறந்தோரை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டு என இறைவனைக் கேட்கிறார். நீர் நம்பவில்லையா என்று கேள்வி வருகிறது. நம்புகிறேன், என் உள்ளம் அமைதியடைய வேண்டும் என்பது அவர் பதிலின் சாரம். சோதனைக்கு ஐயம்தான் தாய் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம். எட்டாம் நூற்றாண்டு பௌத்த அறிஞர் சாந்தரக்ஷிதரின் தத்துவசங்கிரகத்திலும் இதற்கு இணையான ஓரிடம் உண்டு. பொன்னைச் சுட்டும் வெட்டியும் உரைத்தும் பார்ப்பதுபோல் என் சொல்லையும் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள், என்மீதுள்ள மரியாதைக்காக வேண்டாம் என்று புத்தர் சொன்னதாக அங்கே வருகிறது. உரைப்பது மேற்பரப்பைக் காட்டும், வெட்டுவது உள்ளிருப்பதைக் காட்டும். சூடுதான் கடைசி நீதிபதி, லோடு சோதனையிலும் அதுவே.

இதுவரை பேசியது ஒருவர் தனக்காக நம்புவதைப் பற்றி. பிறருக்காக நம்பும்போது கணக்கு மாறுகிறது. இங்கிலாந்தின் கணித மேதை வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் 1877-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு கப்பல் முதலாளியோடு தொடங்குகிறது. கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. குடியேறப் போகும் குடும்பங்கள் அதில் ஏறவிருக்கின்றன. சோதித்துச் சரிசெய்ய வேண்டுமோ என்று மனத்தில் உறுத்தல். எத்தனையோ பயணம் போய்வந்த கப்பல், கடவுள் காப்பாற்றுவார் என்று முதலாளி தன்னையே சமாதானம் செய்துகொள்கிறார். கபடமில்லாமல், மனதார நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது, அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் மனதார நம்பினார் என்பது குற்றத்தைக் குறைக்காது என்கிறார் கிளிஃபோர்ட். அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை இல்லை. அடுத்து அவர் வைக்கும் அடிதான் பலமானது: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் அதே அளவுதான். இதுவரை எரியவில்லையே என்று சோதிக்காத பலகையை மாணவர் மேசைக்குக் கொடுக்கிறவருக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. கிளிஃபோர்ட் ஏட்டுச் சுரைக்காய் பேசவில்லை. 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவோடு சிசிலி அருகே கப்பல் உடைந்து தப்பிப் பிழைத்தவர் அவர்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கப்பல் முதலாளிகளின் இந்த வகை அலட்சியம் கட்டுக்கதை அல்ல. மிதமிஞ்சிச் சரக்கேற்றிய கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல் என்றே மாலுமிகள் அழைத்தார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்காகப் போராடினார். 1876-இல் சட்டம் வந்தது: ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் இதற்கு மேல் மூழ்கக் கூடாது என்று ஒரு கோடு வரைய வேண்டும். கோட்டை எந்த உயரத்தில் வரைவது? அதை முதலாளியே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். 1890-இல் இன்னொரு சட்டம் வந்து இடத்தை நிர்ணயிக்கும் வரை கப்பல்கள் பல ஆண்டுகள் முதலாளி விரும்பிய இடத்தில் கோடு போட்டுக்கொண்டு ஓடின. பலகையில் அச்சான ஆம்பியருக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை வேண்டுமா? எல்லை எழுதப்பட்டிருக்கிறது, எழுதியவர் அதனால் லாபம் பெறுகிறவர்.

வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் கிளிஃபோர்டுக்கு மறுப்புச் சொன்னார். சில விஷயங்களில் சான்று வரும்வரை காத்திருந்தால் விஷயமே கைநழுவிவிடும், நட்பைப் போல; அங்கே முன்கூட்டி நம்புவது தவறில்லை. இருக்கட்டும். பிரேக்அவுட் போர்டு அந்த வகைக்குள் வராது. நாளைக்குச் செருகினால் அது ஒன்றும் மனம் நோகாது.

மேம்படுத்தும் வேலைக்கு வருவோம். முதல் இலக்கு ஃபியூஸ். மலிவுப் பலகைகள் பலவற்றில் இருப்பது பாலிஃபியூஸ்: பாலிமரில் கரித்தூள் கலந்த சிறு வில்லை. மின்னோட்டம் மிஞ்சினால் சூடேறிப் பாலிமர் விரியும், கரித்துகள்கள் பிரியும், மின்தடை பல மடங்கு ஏறும். ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் முழுமையாக அல்ல. இதன் பலவீனம் தயக்கம். 5 ஆம்பியரைத் தாங்கும் வில்லை நிச்சயமாகத் துண்டிப்பது ஏறத்தாழ இரண்டு மடங்கில்தான், அதற்கும் நேரம் எடுத்துக்கொள்ளும். பெட்டிக்குள்ளேயே பாதுகாப்பு இருக்கிறதே என்று சொல்லலாம். அது பெட்டியைக் காக்க வைத்தது. பழைய ஏடிஎக்ஸ் வழிகாட்டி 12 வோல்ட் வழி ஒன்றுக்கு வைத்த 240 வோல்ட்-ஆம்பியர் எல்லையே 20 ஆம்பியர். ஒரே பெரிய வழியாக 12 வோல்ட் தரும் புதிய பெட்டிகள் 40 ஆம்பியரையும் கண்ணிமைக்காமல் கொடுக்கும். 1 மில்லிமீட்டர் தடத்தில் 40 ஆம்பியர் பாய்ந்தால் தடமே ஃபியூஸாகிவிடும்.

ஆகவே வில்லைகளை எடுத்துவிட்டுக் காருக்குரிய பிளேடு ஃபியூஸ் ஹோல்டர்களை வைக்கிறார்கள். 5 ஆம்பியர் பிளேடு எந்த ஆட்டோ உதிரிபாகக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும், எரிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒல்லித் தடங்களின் பச்சைப் பூச்சைச் சுரண்டி, மேலே 1.5 ஸ்கொயர் எம்எம் செப்புக் கம்பியைப் படுக்கவைத்து நீளம் முழுக்க ஈயப்பற்று வைக்கிறார்கள். கிரவுண்டுக்கு அப்படி இரண்டு கம்பிகள், தனியாக இன்னொரு கறுப்பு முனை. இரும்பு முனைகளுக்குப் பதில் பித்தளை. பழைய பெட்டிகளில் 5 வோல்ட் வழியில் கொஞ்சமாவது இழுப்பு இல்லாவிட்டால் 12 வோல்ட் நிலையாக நிற்காது என்பதால் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக அங்கே உட்காரும்; அரை ஆம்பியர் இழுத்து 2.5 வாட் சூட்டை விடும்.

இவ்வளவு மாற்றிய பிறகு இது அதே பலகைதானா என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வரக்கூடும். வரட்டும். அதைவிட அவசரமான மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. ஐதிகத்தின் அறையில் கிடந்த பொருளுக்கு இப்போது நேரில் அறிந்த ஒருவர் இருக்கிறார். ஃபியூஸை அவர் எந்த மதிப்பில் தேர்ந்தெடுத்தாரோ அதுவே அவருடைய வாக்குமூலம்; குமாரிலர் கேட்ட மறுப்பு அறிவைச் சோதனை நாளோடு நிறுத்தாமல் பலகையிலேயே நிரந்தரமாகக் குடிவைத்துவிட்டார். கணக்கு தப்பினால் பிளேடு எரியும், விரல் எரியாது.

அமெரிக்காவின் யூஎல் பாதுகாப்பு முத்திரை பிறந்த கதையும் இதற்குத் தூரமில்லை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் மின்விளக்குகளைக் கண்டு மிரண்ட காப்பீட்டுக்காரர்கள் வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் பொறியாளரை அனுப்பிச் சோதிக்கச் சொன்னார்கள்; 1894-இல் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னால் அந்த முத்திரையைக் கொடுத்தது. தீப்பிடித்தால் பணம் கொடுக்க வேண்டியவர்களே ஆப்தரைத் தேடி உருவாக்கிக்கொண்டார்கள். இதற்கு மாறாக, ஐரோப்பாவின் சிஇ குறியைப் பெரும்பாலான மின்பொருள்களில் உற்பத்தியாளரே தன் பொறுப்பில் பதித்துக்கொள்ளலாம். 1876-இன் கோடு இன்னும் கொஞ்சம் உயிரோடுதான் இருக்கிறது.

சோதித்தவர் இனிச் செய்ய வேண்டியது வாத்ஸ்யாயனரின் கடைசி நிபந்தனை: சொல்ல வேண்டும். ஒரு துண்டு ஸ்டிக்கரில் என்ன எழுதலாம்? எந்தத் தேதி, எந்த வழியில் எத்தனை ஆம்பியர் லோடு, எவ்வளவு நேரம், முனையில் எத்தனை வோல்ட் மிஞ்சியது, எந்த ஃபியூஸ். சோதிக்காததையும் எழுத வேண்டும்; −12 வோல்ட் வழியில் பெரும்பாலும் எவரும் லோடு வைத்துப் பார்ப்பதில்லை, அதை அப்படியே சொல்லிவிடலாம். அதோடு, தொழிற்சாலையில் அச்சான அந்த 10 ஆம்பியரை மார்க்கரால் அடித்துவிடுவது நல்லது. இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவசரத்தில் இருக்கிற அடுத்தவர் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்.